பலகையும் பாலமும்

1984இல் ஹவுராவில் ஒருவருக்கு வந்திருக்கும் கால் வலி சயாட்டிகா என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மறுநாளே அந்த வீட்டுக்கு ஒரு மரப்பலகை வந்துவிடும். மெத்தையை உருவிவிட்டுக் கட்டிலின்மேல் அதைப் போடுவார்கள். நோயாளி அதில் மல்லாந்து கிடக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் தவிர எழுந்திருக்கக் கூடாது. 2024இல் அதே ஊரில், அதே இடதுகாலில் எனக்கு வலி வந்தபோது, மருத்துவர் தந்த சீட்டின் முதல் வரி "தினமும் நடக்கவும்" என்றிருந்தது. அந்தப் பலகையில் கிடந்தவர் என் அப்பா.

அப்பாவைப் படுக்க வைத்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று உலகம் முழுவதும் பாடம் அதுதான். 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பார்ரும், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு வெடித்து நரம்பு வேரை அழுத்துவதால் இந்தக் கால் வலி வரலாம் என்று காட்டினார்கள். தட்டு பிதுங்கியிருக்கிறது என்றால் அசையாமல் கிடந்தால்தானே அது உள்ளே போகும்? கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். அந்தச் சரியென்று படுகிற ஒன்றை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்ற கேள்வி எழவே அரை நூற்றாண்டு ஆனது.

அப்பா சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறிய தலைமுறை. அவரோடு வந்தவர்கள் லேக் மார்க்கெட் பக்கம் குடியேற, வாடகை குறைவு என்பதால் நாங்கள் ஆற்றுக்கு இக்கரையில் ராம்ராஜாதலாவில் இருந்தோம். காலையில் லோக்கல் ரயிலில் ஹவுரா. அங்கிருந்து டல்ஹௌசி அலுவலகம் வரை நடை. ஹவுரா பாலத்தின்மீது அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1993 வரை ஓடியது. ஆனாலும் அப்பா டிராம் ஏறமாட்டார். 705 மீட்டர் நீளப் பாலத்தை ஆற்றுக் காற்றில் கடப்பதுதான் தனக்குக் கிடைத்த ஒரே சுகம் என்பார். திரும்பும்போதும் நடைதான். கையில் குடை, தோளில் துணிப்பை, பையில் சில நாள் மல்லிக் காட் பூச்சந்தையில் வாங்கிய அம்மாவுக்கான பூ.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மின்வெட்டு. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. டியூப்வெல்லில் அடித்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் பாதியில் தும்மினார். இடுப்பில் ஏதோ பிடித்தது. இரண்டொரு நாளில் இடுப்பு வலி குறைந்து, பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் கூடும். இருமினால் உயிர் போகும். அலறுகிற மனிதர் இல்லை அவர். தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொள்வார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

பலகையோடு டிராக்‌ஷனும் வந்தது. இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து கயிறு விட்டு, கட்டில் கால்மாட்டில் ஒரு கப்பியின் வழியாகச் செங்கற்களைத் தொங்கவிடுவது. வைத்தியமும் வந்துகொண்டே இருந்தது. கீழ்வீட்டு மாஷிமா கடுகெண்ணெயில் பூண்டும் கருஞ்சீரகமும் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தார். வங்காளத்தில் ஹோமியோபதி நுழையாத வீடு இல்லை. தெருக்கோடி டாக்டர் பாபுவின் இனிப்பு உருண்டைகள் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வந்தன. நொச்சி இலை கிடைக்காமல் அம்மா தவித்தாள். பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று யாரோ சொல்ல, தாஸ்நகரிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். நல்லவேளை, அப்பா மறுத்துவிட்டார். காளிகாட்டுக்கு ஒரு வேண்டுதல், சுவாமிமலைக்கு ஒரு வேண்டுதல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்க வந்த வங்காளிகள் ஒவ்வொருவரும் தவறாமல் ஒரு யோசனை சொன்னார்கள்: "வேலூருக்குப் போங்கள்." இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வங்காளத்து நோயாளிக்கு வேலூர் என்பது காசிக்கு அடுத்தபடி. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்த மனிதரை, உடம்பு சரியாக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்கே போ என்று அக்கறையோடு அனுப்பிவைக்கப் பார்த்தது இந்த ஊர். அம்மா அதை நம்பினாள். முன்பதிவு வரிசையில் நின்று ரயில் டிக்கெட் எடுத்தோம். கிடைத்த தேதி தள்ளித்தான் இருந்தது.

அந்தத் தேதி வருவதற்குள் வலி இறங்கிவிட்டது.

அதுதான் இந்த நோயின் இயல்பு என்று அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. முதுகெலும்புத் தட்டு கொழுக்கட்டை மாதிரி: வெளியே உறுதியான தோல், உள்ளே மென்மையான பூரணம். தோல் ஒரு பக்கம் கீறிப் பூரணம் பிதுங்கினால், பக்கத்தில் போகும் நரம்பு வேரை அது அழுத்துகிறது. அழுத்துவது பாதிக் கதைதான். பூரணத்தில் இருக்கும் பொருள்கள் நரம்பு வேரில் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. தாங்கமுடியாத வலியில் பெரும்பங்கு அதனுடையது. பிறகு உடம்பே வேலையைத் தொடங்குகிறது. பிதுங்கிய துண்டை அந்நியப் பொருளாகக் கருதி, நோயெதிர்ப்பு அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கி முற்றிலும் துண்டித்துக்கொண்டதுதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. அழற்சி அடங்க, துண்டு சுருங்க, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலோருக்கு வலி விட்டுவிடுகிறது.

எங்கள் வீட்டில் வலி இறங்கிய புகழ் பலருக்குப் பங்கு போனது. மாஷிமா எண்ணெய்க்கு என்றார். டாக்டர் பாபு உருண்டைக்கு என்றார். அம்மா சுவாமிமலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தாள். பலகைக்குத்தான் அதிகப் புகழ். "படுத்துக் கிடந்ததால்தான் பிழைத்தேன்" என்று அப்பா கடைசிவரை சொன்னார்.

அவர் எழுந்தபோது இடது கெண்டைக்கால் இளைத்துப்போயிருந்தது. வேட்டிக்குக் கீழே இரண்டு கால்களும் இரண்டு பேருடையவை போலத் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் தசை கரையும், மூச்சு குறையும், எலும்பு பலவீனமாகும். அதைவிடப் பெரிய சேதம் வேறு. இனி குனியக் கூடாது, தூக்கக் கூடாது, நெடுநேரம் நடக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு பாலத்தை அவர் நடந்து கடக்கவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் நெரிசலான பேருந்தில் ஏறி, உட்கார இடம் கிடைக்காத நாட்களில் முகம் வெளுத்து வீடு வந்தார். செருப்பு வாரை அம்மா மாட்டிவிட்டாள். தம்பியின் குழந்தையை அவர் தூக்கியதே இல்லை. மடியில் யாராவது வைத்தால்தான் உண்டு. வலி போன பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அத்தனை ஆண்டும் அவரை ஆண்டது வலி திரும்பிவிடுமோ என்ற அச்சம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஏனென்றால், அவர் எழுந்த இரண்டாம் ஆண்டே பதில் வரத் தொடங்கிவிட்டது. 1986இல் அமெரிக்காவில் டெக்சாஸில், இடுப்பு வலியோடு வந்த 203 பேரில் ஒரு சாராரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், மறு சாராரை ஏழு நாள். இரண்டு நாள் படுத்தவர்கள் எந்த விதத்திலும் மோசமாகவில்லை. வேலைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். சரி, அது இடுப்பு வலி, சயாட்டிகாவுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சயாட்டிகா நோயாளிகள் 183 பேரையே எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு இரண்டு வாரம் முழுப் படுக்கை, மீதிப் பேருக்கு வழக்கமான நடமாட்டம். பன்னிரண்டு வாரம் கழித்து இரு பக்கமும் ஒரே மாதிரி 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கையால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. டிராக்‌ஷனையும் அப்படியே பல ஆய்வுகளில் எடைபோட்டார்கள். செங்கல் தொங்கியதால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை.

1984 அக்டோபர் 24 அன்று கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. தெருவே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னது. அப்பா பலகையில் கிடந்தபடி ரேடியோவில் கேட்டார். அந்த மெட்ரோ ஆற்றைத் தாண்டி எங்கள் ஹவுராவுக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கத்தில் ரயில் விட்டார்கள். ஹவுரா நிலையம் தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழம். இறங்க நகரும் படிக்கட்டு, ஏற நகரும் படிக்கட்டு. அப்பா நடந்து கடந்த ஆற்றை நான் குளிர்ச்சாதனப் பெட்டியில் நின்றபடி ஒரு நிமிடத்துக்குள் கடக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் நாள் முழுக்கக் கணினி முன்னால் கணக்கு. அந்த ஆண்டுதான் எனக்கு வலி வந்தது. நடக்க விரும்பிய மனிதரைப் படுக்க வைத்த காலம் போய், நட என்று மருத்துவம் சொல்லும் காலம் வந்தபோது, ஊர் நடப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தது.

எனக்கு வாளியும் இல்லை, தும்மலும் இல்லை. வீட்டில் அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். (வங்காளிகளிடமும் இதே மணை உண்டு, அவர்கள் அதில் மீன் வெட்டுவார்கள்.) எழுந்தபோது பிட்டத்தில் ஒரு குத்தல். மறுநாள் டோட்டோ என்ற மின்ரிக்‌ஷாவில் ராம்ராஜாதலா குண்டுகுழிகளைத் தாண்டியபோது அது சுண்டுவிரலைத் தொட்டது. அப்பா தலையணை உறையைக் கடித்தது ஏன் என்று அன்றிரவு எனக்கு உடம்பால் தெரிந்தது.

மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரம் போவதற்குள் கெண்டைக்கால் வரை இழுத்தது. 30 பாகைக்கும் 70 பாகைக்கும் நடுவே அப்படி இழுத்தால் நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பொருள். லசேக் சோதனை என்று இதற்குப் பெயர், 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவரின் பெயரில். பிறகு குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அமுக்கிப் பார்த்தார். சுத்தியலால் கணுக்காலில் தட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. இடுப்பில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு ஒன்றாகச் சேர்ந்து விரல் பருமனில் காலில் இறங்கும் நரம்பு இது, உடம்பிலேயே தடித்தது, நீளமானது. எந்த வேரில் தொல்லை என்பதை விரலும் சுத்தியலும் வைத்தே கண்டுபிடிக்கலாம். கட்டைவிரல் தூக்க முடியாவிட்டால் ஒரு வேர், நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அதற்குக் கீழ்வேர். எனக்கு இரண்டும் முடிந்தது.

அடுத்து அவர் கேட்ட கேள்விகளை நான் வேண்டியவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிறுநீர் கழிக்கத் தடை உண்டா? மலம், சிறுநீர் தன்னையறியாமல் போகிறதா? தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும், சைக்கிள் இருக்கையில் படுகிற இடம் முழுவதும் மரத்துப்போயிருக்கிறதா? இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ உண்டா? பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது தரையில் தட்டுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். முதுகெலும்பின் அடியில் கொத்தாகத் தொங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கினால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மாலைக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், பலமாக விழுந்தவர்கள் கதையும் வேறு. அப்பாவிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. செங்கல் எத்தனை தொங்கவிடலாம் என்றுதான் பேசினார்கள்.

எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். எனக்கு மனம் கேட்கவில்லை, ஹவுரா சந்துகளில் இப்போது ஸ்கேன் மையத்துக்கா பஞ்சம். எடுத்தேன். "தட்டுத் தேய்மானம், பல நிலைகளில் பிதுக்கம்" என்று அறிக்கை வந்தது. அதைப் படித்த எவரும் பயப்படுவார்கள். ஆனால் வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் படங்களைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வந்தது. 50 வயதில் வலியில்லாதவர்களிலேயே 80 சதவீதம் பேருக்குத் தட்டுத் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். தலை நரைப்பது போன்ற இந்த மாற்றத்தை வயதைச் சொல்லாமல் நோயாக அச்சடித்துக் கொடுப்பது கொடுமை. ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் இந்தக் கணக்கை அச்சிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறுவை சிகிச்சை யோசிக்கும்போதோ ஆபத்தான அறிகுறி தெரியும்போதோ அதே படம் உயிர் காக்கும் என்பதும் உண்மை.

மாத்திரைகளிலும் எதிர்பார்ப்பு குறைய வேண்டியிருந்தது. நரம்பு வலிக்கு என்று எங்கும் எழுதித் தரப்படும் பிரகாபலினை, 2017இல் ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா நோயாளிகள் 209 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலி ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் கணக்கு உண்டு. 2007இல் நெதர்லாந்தில் கடும் வலியிருந்த 283 பேரில் சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் நான்கு வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் தேறப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பொறுக்க முடியாமல் பிற்பாடு கத்திக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது இது தேர்வு: யாருடைய வலி எவ்வளவு, யாரால் எத்தனை நாள் வேலையை விட முடியும் என்பதைப் பொறுத்தது.

நான் காத்திருந்தேன். சிவ்பூரில் ஒரு பிசியோதெரபி மையம், அங்கே இளம் வங்காளிப் பெண். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டு மார்பை மட்டும் உயர்த்தச் சொன்னாள். இந்தப் பயிற்சிக்கு 1956ஆம் ஆண்டுக் கதை ஒன்று உண்டு. நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்ததில் கால் வலி காணாமல் போனது. எல்லோருக்கும் இந்த வளைவு பொருந்தாது. வயதாகி முதுகெலும்புக் கால்வாய் குறுகியவர்களுக்கு முன்னால் குனிந்தால்தான் சுகம். டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக் குனிந்து நின்றதும் கால் லேசாகிறது என்பவர்கள் அந்த வகை. எனக்குப் பொருந்தியது. இரண்டாம் வாரத்தில் சுண்டுவிரல் வலி போய்க் கெண்டைக்காலோடு நின்றது. பிறகு தொடை. அப்போது இடுப்பு முன்னைவிடக் கூடுதலாக வலித்தது, நான் கலங்கிப்போனேன். "நல்ல செய்தி போஉதி," என்றாள் அந்தப் பெண். வலி காலிலிருந்து முதுகை நோக்கி ஏறினால் நரம்பு விடுபடுகிறது. முதுகிலிருந்து காலை நோக்கி இறங்கினால்தான் செய்யும் பயிற்சியை நிறுத்திக் கேட்க வேண்டும். இந்த ஒரு சேதி தெரிந்திருந்தால் எத்தனை பேர் பயிற்சியைப் பாதியில் விடாமல் இருப்பார்கள்!

நடை வராந்தாவில் தொடங்கியது. பிறகு ராம்ராஜாதலா பிளாட்பாரம். லோக்கல் ரயிலில் என் முகத்தைப் பார்த்ததும் யாராவது எழுந்து "போஷுன் தீதி" என்று இடம் தருவார்கள். இந்த ஊரின் அன்பு அது. உட்கார்ந்தால்தான் வலிக்கும் என்று ஒவ்வொரு முறையும் விளக்கி, அவர்களையே உட்கார வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவேன். ஒரு கட்டத்தில் மெட்ரோவை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து பாலத்தில் ஏறினேன். முதலில் முதல் தூண் வரை. பிறகு நடுப்பகுதி. பிறகு அக்கரை.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன், நாற்பது ஆண்டுகளாகப் பார்த்தும் கவனிக்காத ஒன்றை. பாலத்தின் நடைபாதையில் என்னை இடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோர் தலையிலும் சுமை. மல்லிக் காட்டிலிருந்து செவ்வந்திப் பூ மூட்டைகள், மீன் கூடைகள், செவ்வாய்க்கிழமைகளில் மங்களா ஹாட் சந்தையின் துணிப் பொதிகள். முட்டே என்று இங்கே அவர்களைச் சொல்வார்கள். ஸ்டேஷனுக்குள்ளே சிவப்புச் சட்டையும் கையில் பித்தளைப் பில்லையும் போட்ட போர்ட்டர்கள். மருத்துவம் நாற்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதெல்லாம் என்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவர்களுக்கு என்ன வந்தது?

2008 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத் உரிமம் பெற்ற போர்ட்டர்களைத் தண்டவாளப் பராமரிப்பு வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அப்படிப் போனவர்களுக்கு நிரந்தர வேலை, சம்பளம், மருத்துவ வசதி எல்லாம் வந்தன. முதுகுக்கு மட்டும் ஓய்வில்லை, சம்மட்டியும் கடப்பாரையும்தான். 2016 பட்ஜெட்டில் கூலி என்ற பெயரை மாற்றி சஹாயக் என்றார்கள். அதற்குள் பயணிகளின் பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. சக்கரம் அவர்கள் முதுகைக் காத்தது, வருமானத்தைக் குறைத்தது. இப்போது ஒரு பயணி போர்ட்டரைக் கூப்பிட்டால், சக்கரத்தில் இழுக்க முடியாத அளவு கனம் என்று பொருள். முன்பு நாள் முழுக்கச் சிறு சுமைகள், இன்று சில பெருஞ்சுமைகள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டு பெரிய சூட்கேஸ், மேலே ஒரு பை, தோளில் ஒன்று என்றால் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

ஸ்டேஷனில் பீகார்க்காரப் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். நான் ஒரு நாள் தூணைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி நிற்பதைப் பார்த்து, "நஸ் (நரம்பு) பிடித்திருக்கிறதா தீதி?" என்று அவரே கேட்டார். அவருக்கும் வலதுகாலில் வருடக்கணக்காக உண்டு. கூடும்போது மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடுவார். அந்த மாத்திரை தினமும் போனால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரும் என்று சொன்னேன். நிறுத்தினால் சோறு யார் போடுவார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த பிசியோதெரபிப் பெண்ணும் நானும் சேர்ந்து இந்தியில் ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். போர்ட்டர்கள் இளைப்பாறும் அறையில் ஒட்டலாம் என்று எண்ணம். முதலில் பெரியவரிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவைக் கேட்டு வாங்கினார். "கனமான பொருளைத் தூக்காதீர்கள்" என்ற வரியை அடித்தார். "ஒரு வாரம் சுமையைத் தவிருங்கள்" என்பதையும் அடித்தார். அந்த இடத்தில் எழுதச் சொன்னது இது: ஒரே நடையில் நான்கு பெட்டி எடுக்காதே, இரண்டு நடையாகப் போ, பயணியிடம் முதலிலேயே சொல். தலையில் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் இடுப்பு போகிறது, நடக்கும்போது இல்லை. அதனால் ஏற்றவும் இறக்கவும் இன்னொரு ஆளைக் கூப்பிடு, தனியாக இறக்கித் திரும்பாதே. வலி இருக்கிற நாளில் சுமை இல்லாத நேரம் குந்தி உட்காராமல் பிளாட்பாரத்தில் உலவு.

கடைசிப் பத்தியில் ஆபத்தான அறிகுறிகளை எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய ஊர்க்காரர் ஒருவருக்குச் சிறுநீர் வராமல் போயிருக்கிறது, வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, பிறகு டியூபோடுதான் ஊருக்குப் போனார் என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தவர், அந்தப் பத்தியை அடியிலிருந்து எடுத்து முதல் வரியாகப் போடச் சொன்னார், பெரிய எழுத்தில்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு படமும். படத்தை அந்தப் பெண் வரைந்துகொண்டிருக்கிறாள். ஒட்டுவதற்கு ஸ்டேஷனில் அனுமதி கேட்டு நான் மனு எழுதியாகிவிட்டது.